எதனால் வந்தது, சிஸ்டர்?

மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நோயாளியின் தாய், டாக்டரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை உங்களிடம்தான் கேட்பார். ரவுண்ட்ஸ் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நீங்கள் இரவு மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் மெல்லக் கேட்பார்: "நல்லாத்தானே இருந்தான். எதனால சிஸ்டர் இப்படி ஆச்சு?"

அவரிடம் ஏற்கெனவே நான்கைந்து பதில்கள் இருக்கும். செஞ்சி, அவலூர்பேட்டைப் பக்கத்துக் குடும்பம் என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஓர் அமாவாசை இரவையாவது கழித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். காத்து கருப்பு என்று ஒருவர் சொல்லியிருப்பார். பங்காளி வைத்த செய்வினை என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். பிளஸ் டூவில் மார்க் குறைந்தது, காதல் முறிந்தது, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் கஞ்சா பழகியது, அப்பா கைநீட்டியது என்று பேச்சு வளர்ந்திருக்கும். இத்தனைக்கும் அடியில், வாய்விட்டுச் சொல்லாத ஒரு பதிலும் அந்தத் தாயிடம் உண்டு: நான் வளர்த்த விதம்தான் இப்படி ஆக்கிவிட்டதோ?

செவிலியர் பயிற்சியில் இருக்கும் உங்களுக்கு இந்தக் கேள்வியின் விடை பரீட்சைக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. எது காரணம் என்று ஒரு குடும்பம் நம்புகிறதோ, அதை வைத்துத்தான் அது அடுத்த அடியை எடுத்து வைக்கும். செய்வினை என்று நம்பினால் பணம் மந்திரவாதிக்குப் போகும். தனிமைதான் காரணம் என்று நம்பினால் பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். திமிர் என்று நம்பினால் அடி விழும். ஆகவே காரணத்தைச் சரியாகச் சொல்வதும் சிகிச்சைதான் என்பது என் கருத்து.

கிராமத்துக் குடும்பங்கள் எல்லாம் பேய் பிசாசைத்தான் நம்புகின்றன என்ற எண்ணத்தோடு வார்டுக்குள் போகாதீர்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனம் 254 நோயாளிகளின் குடும்பத்தாரிடம் இதே கேள்வியைக் கேட்டது. ஸ்ரீனிவாசனும் தாராவும் 2001-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், அமானுஷ்யக் காரணத்தைச் சொன்னவர்கள் நூற்றுக்குப் 12 பேர் மட்டுமே. அதை ஒரே காரணமாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 5 பேர். மிகப் பலர் சொன்னது வாழ்க்கைச் சுமையையும் மன அழுத்தத்தையும். ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 39 பேர். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பித்தான் போகிறார்கள் என்று நாம் முடிவு கட்டக் கூடாது. பல காரணங்களைச் சேர்த்துச் சொன்ன அந்த 39 பேர், இன்றைய அறிவியல் நிற்கும் இடத்துக்கு வெகு அருகில் நிற்கிறார்கள்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். சைக்கோசிஸ், அதாவது மனப்பிறழ்வு, என்பது ஒரு நிலை. இல்லாத குரல் கேட்கும், இல்லாத உருவம் தெரியும், யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிடும், பேச்சு கோர்வை இழக்கும். இந்த நிலையை உண்டாக்கும் நோய்கள் பல. மனச்சிதைவு அவற்றுள் ஒன்று. இருமுனைக் கோளாறும் கடும் மனச்சோர்வும் இதே நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். இவற்றையெல்லாம் எண்ணுவதற்கு முன், நோயாளியின் உடம்பில் வேறு ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் பயிற்சி எடுப்பவர்கள் இதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே வார்டில் பார்த்துவிடுவார்கள். பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்தவருக்கு அட்ரோபின் ஏற்றுகிறோம். மறுநாள் அவர் படுக்கை விரிப்பைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறார். காற்றில் எதையோ பிடிக்கிறார். அங்கே இல்லாத அண்ணனோடு பேசுகிறார். கண்மணி விரிந்திருக்கிறது, வாய் வறண்டிருக்கிறது, உடம்பு கொதிக்கிறது, நாடி ஓடுகிறது. அட்ரோபின் அளவு கூடிவிட்டது என்று உடனே டாக்டரைக் கூப்பிடுகிறோம். வேலியோரத்து ஊமத்தங்காயைத் தின்ற குழந்தைக்கும் இதேதான் நேரும். ஊமத்தையில் இருப்பதும் அட்ரோபினும் அதன் உறவுப் பொருள்களும்தான். நேற்றுவரை தெளிவாக இருந்த மூளையை ஒரு வேதிப்பொருள் சில மணி நேரத்தில் இப்படிப் புரட்டிப் போட முடியும் என்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். மனநோய் மூளையில் நடப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கால் எலும்பு முறிந்து எலும்புப் பிரிவில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறார். தினமும் குடித்தவர், இங்கே வந்ததால் திடீரென்று குடி நின்றுபோயிருக்கிறது. அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. அவருக்குத் தேவை தயமினும், நடுக்கத்தை அடக்கும் மருந்தும், கண்காணிப்பும். அவரை மனநோயாளி என்று முத்திரை குத்திக் கட்டிலில் கட்டிவிட்டு நகர்ந்தால் காலையில் பிணமாக இருக்கலாம்.

பிரசவமான பெண்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தூக்கம் கெட்டு, குழப்பம் கூடி, குழந்தையைப் பற்றியே விபரீத நம்பிக்கைகள் எழும் மனப்பிறழ்வு வரும். முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் பிரசவ வார்டுச் செவிலியர்தான், அடுத்து வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர். நம் நாட்டில் இன்னொரு எச்சரிக்கையும் சேரும். அந்தப் பெண்ணுக்குக் கடும் தலைவலியோ வலிப்போ சேர்ந்திருந்தால் மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். இளம்பெண் ஒருத்தி திடீரென மாறி, பின்பு வலிப்பும் வாய் கோணும் அசைவுகளும் உடல் விறைப்பும் வந்தால், அவள் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையின் என்எம்டிஏ ஏற்பிகளைத் தாக்கும் அழற்சியாக இருக்கக்கூடும். ஹோசே டால்மாவும் அவர் குழுவினரும் 2007-இல் விவரித்த இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் காரணம் சினைப்பையில் இருந்த கட்டி. கட்டியை எடுத்து, எதிர்ப்பாற்றலை அடக்கினால் பலர் முழுதாகத் தேறினார்கள். 2007-க்கு முன்பு இப்படிப்பட்ட பெண்களில் எத்தனை பேர் கோயில் தூணிலும் மனநல வார்டிலும் கிடந்து மடிந்தார்களோ என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

நினைவு தடுமாறுகிறதா, நாள் கிழமை தெரிகிறதா, அறிகுறி பகலில் தணிந்து இரவில் ஏறுகிறதா, குரலைவிடக் காட்சிதான் அதிகமாகத் தெரிகிறதா, காய்ச்சல் உண்டா, நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வந்ததா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே உடல் காரணத்தைத் தேட வேண்டும். மனச்சிதைவில் பெரும்பாலும் நினைவு தெளிவாக இருக்கும். உங்கள் பெயரைக் கேட்டு ஞாபகம் வைத்துக்கொள்வார். அதே சமயம் அவரை ஏசும் குரலும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

உடல் காரணங்கள் எல்லாம் கழிந்து எஞ்சி நிற்கும் மனச்சிதைவுக்கு எது காரணம்?

ஒரே காரணம் இல்லை. நம் பக்கத்து ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாய்கள் பல. எந்தக் கால்வாயில் வந்த தண்ணீரால் ஏரி கலங்கல் வழிந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கரை தாழ்ந்த ஏரி சாதாரண மழைக்கே வழியும், கரை உயர்ந்த ஏரி பெருமழையையும் தாங்கும். பிறவியில் வரும் பலவீனமும் வாழ்க்கையில் வந்து சேரும் சுமையும் கூடி ஓர் எல்லையைத் தாண்டும்போது நோய் வெளிப்படுகிறது என்ற இந்தக் கருத்தை ஜோசப் சூபினும் போனி ஸ்பிரிங்கும் 1977-இல் முன்வைத்தார்கள். விவரங்கள் எவ்வளவோ மாறியும் அதன் எலும்புக்கூடு இன்றும் நிற்கிறது.

கரையின் உயரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது மரபணு. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாக வரும் இந்நோய், தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வருகிறது. டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டை வைத்து 2018-இல் வந்த ஆய்வில், ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது மூன்றில் ஒரு பங்கில்தான். இரு கரு இரட்டையரில் அது நூற்றுக்கு 7. இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். மரபணு பலமாக வேலை செய்கிறது என்பது ஒரு பக்கம். அச்சு அசலாக ஒரே மரபணு கொண்ட இருவரில், ஒருவர் நோயுற்றும் மற்றவர் நலமாக இருப்பது மூன்றில் இரண்டு பங்கு என்பது மறுபக்கம். அக்காவுக்கு இருப்பதால் தங்கைக்குக் கல்யாணம் ஆகாதோ என்று அஞ்சும் குடும்பத்துக்கு இந்த மறுபக்கத்தைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நெருங்கிய உறவில் யாருக்குமே இந்நோய் இருப்பதில்லை.

மனச்சிதைவுக்கென்று தனி மரபணு கிடையாது. 76,755 நோயாளிகளையும் நோயற்ற 2,43,649 பேரையும் ஒப்பிட்டு 2022-இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வு, மரபுத்தொகுதியில் 287 இடங்களைச் சுட்டியது. ஒவ்வோர் இடமும் அபாயத்தைக் கூட்டுவது மிகச் சிறு அளவுதான். விதிவிலக்காகச் சில அரிய மாற்றங்கள் உண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனப்பிறழ்வு நோய் வருகிறது. பிறவி இதயக் கோளாறோ பிளந்த அண்ணமோ உள்ள குழந்தைகள் சிலரிடம் இந்தக் குறை இருப்பதால், குழந்தை வார்டில் வேலை செய்பவரும் இதை அறிந்திருப்பது நல்லது.

இந்த உலகளாவிய ஆய்வுகளில் நெடுங்காலம் ஐரோப்பிய வம்சாவளியினரே நிறைந்திருந்தார்கள். அதனால்தான் ஸ்கார்ஃபும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து தென்னிந்தியர் சுமார் மூவாயிரம் பேரின் மரபுத்தொகுதியை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எட்டாம் குரோமோசோமில் அவர்கள் கண்ட இடம், நியாசின் என்னும் பி3 வைட்டமினை உடல் பயன்படுத்த உதவும் மரபணு ஒன்றோடு தொடர்புடையது.

நியாசினுக்கும் மனநோய்க்கும் பழைய உறவு உண்டு. நியாசின் குறைந்தால் பெலாக்ரா வரும். வெயில் படும் கழுத்திலும் கையிலும் தோல் கருத்து உரியும், வயிற்றுப்போக்கு பிடிக்கும், பின்பு மனம் குழம்பும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மனநோய் விடுதிகள் பெலாக்ரா நோயாளிகளால் நிரம்பின. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். மக்காச்சோளத்தை மட்டும் தின்னும் வறுமைதான் காரணம் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் நிறுவினார். நம் தக்காணத்தில் சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்தவர்களிடம் இந்நோயைக் கண்டு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். காசநோய்க்கு ஐசோனயசிட் எடுப்பவரின் உடலில் பி6 குறைந்து, அதனால் நியாசினும் குறைந்து, அபூர்வமாக இதே நிலை வரலாம். அந்த மாத்திரையோடு பைரிடாக்சினும் கொடுக்கச் சொல்வதற்குக் கை கால் எரிச்சலைத் தடுப்பது முதற்காரணம். இதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

உடனே யாரும் மனச்சிதைவுக்கு வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்கிவிடக் கூடாது. அதிக அளவு நியாசினை 1950-களில் கனடாவில் ஏப்ராம் ஹாஃபர் ஆர்வத்தோடு கொடுத்துப் பார்த்தார். பின்னர் முறையாக ஒப்பிட்டு நடந்த சோதனைகளில் பலன் தென்படவில்லை. 2019-இன் முடிவு ஒரு தடயம் மட்டுமே. ஆனால் அது நம் மக்களின் ரத்த மாதிரிகளிலிருந்து கிடைத்த தடயம். வேறு கண்டத்து மரபணுக்களில் தேடியிருந்தால் எளிதில் கண்ணில் பட்டிருக்காது.

மரபணுவுக்கு அடுத்த கால்வாய் கருப்பையில் தொடங்குகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவை மறித்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவில் உருவான குழந்தைகளுக்கு, வளர்ந்த பிறகு மனச்சிதைவு வந்தது ஏறத்தாழ இரு மடங்கு. 1959-61 சீனப் பஞ்சத்திலும் இதே இரு மடங்கு தெரிந்தது. பட்டினி தாயைத் தாக்கியது, அடையாளம் பிள்ளையின் இருபதாவது வயதில் வெளிப்பட்டது. பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டுவது, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, எடை குறைந்து பிறப்பது போன்றவையும் அபாயத்தைச் சிறிது கூட்டுகின்றன. ஒவ்வொன்றும் தனியே சிறியது. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியின் எடையைப் பார்த்து, ரத்த அழுத்தம் அளந்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் செவிலியர், இருபது ஆண்டுக்குப் பின் வரக்கூடிய ஒரு மனநோய்க்கும் எதிராகத்தான் வேலை செய்கிறார்.

கருவிலேயே தொடங்கியது ஏன் இருபது வயதுவரை காத்திருக்க வேண்டும்? ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும், பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளியும் இந்நோய் தொடங்குகிறது. பதின்பருவத்தில் மூளை தன் நரம்பிணைப்புகளில் தேவையற்றவற்றைக் களைகிறது. முன்மூளையில் இந்தக் களையெடுப்பு இருபதுகள்வரை நீள்கிறது. அது அளவு மீறினால் மனச்சிதைவு வரலாம் என்று இர்வின் ஃபைன்பெர்க் 1982-இல் எழுதியபோது அது வெறும் ஊகம். 2016-இல் ஹார்வர்டின் ஸ்டீவன் மெக்கரோல் குழு, எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த சி4 என்னும் மரபணுவின் சில வடிவங்கள் நோய் அபாயத்தைக் கூட்டுவதையும், அது எலிகளில் இணைப்புகளைக் களையும் வேலையில் பங்கெடுப்பதையும் காட்டியபோது அந்த ஊகத்துக்கு உடல் கிடைத்தது. "நல்லாத்தானே இருந்தான்" என்று தாய் சொல்வது உண்மைதான். வெளியே தெரியும்படி ஒன்றும் இருந்திருக்காது. சில பிள்ளைகள் மட்டும் ஓரிரு ஆண்டுகளாகவே ஒதுங்கியிருந்திருப்பார்கள், தூக்கம் மாறியிருக்கும், படிப்பு சரிந்திருக்கும். அப்போது அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டியிருப்பார்கள்.

நோய் வெளிப்படும் நேரத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு முதல் வெளிச்சம் மருந்திலிருந்து கிடைத்தது. நம் நாட்டில் காலங்காலமாகப் பித்துக்குக் கொடுத்த சர்ப்பகந்தி வேரைப் பற்றிக் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931-இல் எழுதினார்கள். அதிலிருந்து பின்னர் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. பாரிஸில் 1952-இல் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமசினைக் கொடுத்தபோது, வருடக்கணக்கில் கூச்சலிட்டுக் கிடந்தவர்கள் அமைதியாகிப் பேசத் தொடங்கினார்கள். ரெசர்பின் மூளையில் டோபமைன் என்னும் வேதித்தூதின் இருப்பைக் குறைக்கிறது, குளோர்ப்ரோமசின் டோபமைன் ஏற்பிகளை அடைக்கிறது. மறுபுறம், டோபமைனைக் கூட்டும் ஆம்ஃபெட்டமின் நலமாக இருப்பவரையும் சந்தேகப் பிராணியாக்கும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுக்கும் பெரியவர் சுவரோரம் ஆட்கள் நிற்பதாகச் சொல்வதை மருத்துவ வார்டில் கேட்டிருப்பீர்கள்.

டோபமைன் செய்யும் வேலைகளில் ஒன்று, இது முக்கியம், கவனி என்று மூளைக்குச் சுட்டுவது. அந்தச் சுட்டுதல் கட்டுமீறினால் தெருவில் யாரோ இருமுவதும் டிவியில் செய்தி வாசிப்பவர் கண் சிமிட்டுவதும் தனக்கான ரகசியச் செய்தியாகிவிடும் என்று ஷிதிஜ் கபூர் 2003-இல் விளக்கினார். எல்லாவற்றிலும் அர்த்தம் கொப்பளிக்கும் அந்த நிலையைத் தாங்க முடியாமல் மனம் ஒரு கதையைக் கட்டுகிறது. அவலூர்பேட்டைக்காரர் அந்தக் கதையில் செய்வினையை வைப்பார், சென்னை ஐடி ஊழியர் செல்போன் ஒட்டுக்கேட்பை வைப்பார். இந்த விளக்கம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நோயாளி ஏன் வாதத்துக்கு மசிவதில்லை என்பது இதனால் புரிகிறது. அவருக்கு அது நம்பிக்கையாகத் தோன்றுவதில்லை, கண்கூடாக உணர்ந்ததாக இருக்கிறது. ஆகவே "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை" என்று மறுப்பதைவிட, "அது உங்களுக்கு எவ்வளவு பயமா இருக்கும்" என்று சொல்வது அவரை நெருங்கும் வழி.

டோபமைனோடு கதை முடியவில்லை. அறுவை அரங்கில் கெட்டமின் கொடுத்த நோயாளி கண்விழிக்கையில் பிதற்றுவதைப் பார்க்கும் மாணவர்கள், குளூட்டமேட் என்னும் இன்னொரு வேதித்தூதும் இந்நோயில் பங்கெடுக்கிறது என்ற கருத்தின் மூலத்தைப் பார்க்கிறார்கள். குளூட்டமேட் வந்து பற்றும் என்எம்டிஏ ஏற்பியைக் கெட்டமின் அடைக்கிறது. முன்பு சொன்ன இளம்பெண்ணின் அழற்சி தாக்குவதும் அதே ஏற்பியைத்தான்.

வாழ்க்கையிலிருந்து வரும் கால்வாய்களில் கஞ்சாவுக்குச் சான்று அதிகம். 1969-70-இல் ராணுவத்தில் சேர்ந்த ஸ்வீடன் இளைஞர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. ராணுவத்தில் சேரும் முன்பே 50 முறைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு ஆறு மடங்கு வந்திருந்தது. மற்ற காரணிகளைக் கழித்துப் பார்த்தால் அந்த மடங்கு குறையும், ஆனால் மறையாது. புகைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதினைந்து பதினாறு வயதில் தொடங்குவதும், தினமும் புகைப்பதும், வீரியம் கூடிய சரக்கும், குடும்பத்தில் நோய் வரலாறும் சேரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது.

சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு ஆகியவற்றை அனுபவித்தவர்களுக்கு மனப்பிறழ்வு வருவது இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள். புலம்பெயர்தலும் ஒரு கால்வாய். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரர்களிடம் மனச்சிதைவு கூடியிருப்பதை ஓடேகார்ட் 1932-இலேயே எழுதினார். பிறகு ஐரோப்பிய நகரங்களில் குடியேறியவர்களிடமும், அங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளிடமும் அது தெரிந்தது. பயணத்தைவிட, போன இடத்தில் அந்நியராகவே நடத்தப்படுவதுதான் சுமை என்று இதிலிருந்து பலர் கருதுகிறார்கள்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். சிறுவயதுக் கொடுமை அபாயத்தைக் கூட்டும் என்பதை, நோய் வந்த பிள்ளையின் பெற்றோர் கொடுமைக்காரர்கள் என்று திருப்பிப் படிப்பது பெரும் அநியாயம். அந்த அநியாயம் ஒருமுறை நடந்தும் இருக்கிறது. பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்குகிற தாய் என்ற கருத்தை ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948-இல் எழுதினார். மேலை நாடுகளில் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை நம்பி, துயரத்தில் இருந்த தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை டென்மார்க்கில் ஆராய்ந்த சீமர் கெட்டி, நோய் வளர்த்தவர்களின் வழியில் போகாமல் பெற்றவர்களின் வழியில் போவதைக் காட்டினார். வீட்டில் ஓயாத ஏச்சும் குத்தலும் இருந்தால், தேறியவருக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மெய். நோய் முதலில் வரக் காரணம் வேறு, திரும்ப வரக் காரணம் வேறு. இந்த வேறுபாட்டைத் தாய்க்கு விளக்கினால் குற்ற உணர்வு குறையும். இனி என்ன செய்யலாம் என்ற வழியும் திறக்கும்.

கல்யாணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசியாக வேண்டும். ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்துக் கட்டிவைத்து, நோய் வெளிப்பட்டதும் கைவிடப்பட்ட பெண்களை ஸ்கார்ஃபின் தாராவும் குழுவினரும் சென்னையில் ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். நோயின் இழிவையும் வாழாவெட்டி என்ற இழிவையும் சேர்த்துச் சுமந்த பெண்கள் அவர்கள். அவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் வயதான பெற்றோர். தனிமையால் நோய் வந்தது என்ற தவறான காரணத்திலிருந்து புறப்பட்ட முடிவு இவ்வளவு பேரைச் சிதைத்தது.

இனி மேல்மலையனூருக்கு வருவோம். அங்கே போகாதீர்கள் என்று நான் எந்தக் குடும்பத்திடமும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள் என்பது என் வேண்டுகோள். தமிழ்நாட்டின் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த, கடும் மனநோய் கொண்ட 31 பேரை ரகுராம் என்னும் மனநல மருத்துவரும் குழுவினரும் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம், மருந்தில்லாமல், கோயிலின் எளிய வேலைகளைச் செய்துகொண்டு, உறவினர் துணையோடு இருந்தவர்களின் நோய்க்குறி அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாகக் குறைந்திருந்தது. திட்டாத, விரட்டாத ஓர் இடம் மனதுக்கு என்ன செய்யும் என்பதை அது காட்டுகிறது. இன்னொரு முனையில் 2001 ஆகஸ்ட் 6 இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் கொட்டகையில் அதிகாலைத் தீ பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது.

கோயிலால் வரும் உண்மையான சேதம் பல நேரங்களில் காலம்தான். சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் குணமாகும் வாய்ப்பைக் குறைக்கிறது. சென்னை நகரத்திலேயே, மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாதவர் என்று 1998-இல் பத்மாவதியும் குழுவினரும் கண்டார்கள். மலையடிவாரக் கிராமங்களில் நிலைமை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே குடும்பத்திடம் சொல்ல வேண்டியது இதுதான்: "கோயிலுக்குப் போயிட்டு வாங்கம்மா. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. எங்கேயும் கட்டிப்போட விடாதீங்க."

அந்தத் தாயின் கேள்வி இன்னும் காத்திருக்கிறது. நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இது மூளையில வர்ற நோய்மா. பொறக்கும்போதே கொஞ்சம் வாகு இருந்திருக்கும், அதோட வேற பல விஷயமும் சேர்ந்திருக்கு. இதுதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது. நீங்க வளர்த்ததால வரல. அவர் வேணும்னு செய்யறதும் இல்ல. மருந்து இருக்கு. வீட்ல திட்டாம, தூக்கம் கெடாம, கஞ்சா குடின்னு எதுவும் இல்லாம பாத்துக்கிட்டா திரும்ப வர்றதைக் குறைக்கலாம்."

அடுத்து, சரியாகுமா என்று கேட்பார். 1981-இல் தொடங்கி, முதன்முறை நோயுற்ற 90 பேரைச் சென்னையில் இருபது ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு இருக்கிறது. அதில் முழுதாகத் தேறி மறுபடி நோயே வராதவர்களும் சிலர், விடாமல் நோயோடே இருந்தவர்களும் சிலர். பெரும்பாலோருக்கு நோய் வந்து வந்து தணிந்தது. தற்கொலையில் முடிந்தவர்களும் உண்டு. அதனால் நோய் தணிந்து தெளிவு வரும் நாட்களிலும், "சாகலாம்போல தோணுதா" என்று நோயாளியிடம் நேராகக் கேட்கத் தயங்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், அடுத்த ஊசிக்கு வர வேண்டிய தேதியையும், மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதையும், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தாய்க்குப் படிக்கத் தெரியாது என்றால், கூட வந்திருக்கும் தங்கையைக் கூப்பிட்டு உங்கள் முன்னாலேயே ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.